கப்பல் கேபினில் மூன்று பெரியவர்கள்: மூன்றாவது ஆளுக்கு எந்தப் படுக்கை?

பூன்லே_பறவை | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறை முடிந்ததும் சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்திலிருந்து 3 இரவுப் பயணம் போகலாம் என்று இருக்கிறோம். மூன்று பேரும் பெரியவர்கள். அம்மாவுக்கு 66 வயது, முட்டி வலி, இரவில் இரண்டு தடவையாவது எழுவார். அத்தைக்கு 61. தூக்கத்தில் மூச்சடைப்பு இருப்பதால் சீபேப் மெஷின் (முகமூடி வழியாகக் காற்றுச் செலுத்துவது) போட்டுத்தான் தூங்குவார். மூன்றாவது ஆள் நான்.

பால்கனி கேபின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். "3 பேர் வரை" என்று மட்டும் போட்டிருக்கிறது. படத்தில் ஒரு பெரிய கட்டில், ஒரு குட்டி சோபா, அவ்வளவுதான். மூன்றாவது ஆள் எங்கே படுப்பது? ஹோட்டல் மாதிரி எக்ஸ்ட்ரா கட்டில் கொண்டுவந்து போடுவார்களா? இன்னும் பணம் கட்டவில்லை.

கடல்மணி | செவ்வாய், இரவு 9.40

பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டது நல்லது. பலர் கேபினுக்குள் போன பிறகுதான் இதையே கேட்கிறார்கள்.

சக்கரக் கட்டிலெல்லாம் உருட்டிக்கொண்டு வர மாட்டார்கள். ஒரு கேபினில் எத்தனை பேர் படுக்கலாம் என்பது கப்பல் கட்டும்போதே போட்ட கணக்கு. சோபாவுக்குள்ளோ சுவரிலோ கூரையிலோ மூன்றாவது படுக்கை ஏற்கெனவே ஒளிந்திருந்தால்தான் "3 பேர்" என்று போடுவார்கள். தரையில் பாய் விரிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். அவசரத்தில் கதவுக்குப் போகும் வழி அது.

படத்தில் பார்த்த பெரிய கட்டில் அநேகமாக இரண்டு ஒற்றைக் கட்டில்கள்தான். ஒட்டிப் போட்டு ஒரே விரிப்பை விரித்திருப்பார்கள். பிரித்துப் போடச் சொன்னால் பிரித்துவிடுவார்கள், அதற்குக் காசு கிடையாது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய வீட்டு சிங்கிள் மெத்தை அகலம், 90 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்.

மூன்றாவது படுக்கை சோபா பெட்டாக இருக்கலாம். அதிலேயே இரண்டு ஜாதி. முதுகுச் சாய்வை எடுத்துவிட்டால் இருக்கையே கட்டிலாகிவிடும் வகை ஒன்று. ஒரு ஆளுக்குத்தான் காணும், ஆனால் சமதளம். இன்னொன்று, உள்ளே மடித்து வைத்த மெத்தையை இழுத்து விரிக்கும் வகை. இது அகலம், இரண்டு பேர்கூடப் படுக்கலாம். ஆனால் மெத்தை மெல்லிசு, சரியாக இடுப்புக்குக் கீழே ஒரு இரும்புக் கம்பி ஓடும். விரித்துவிட்டால் பால்கனிக் கதவுக்குப் போக வழியும் இருக்காது.

அல்லது புல்மேன் பெர்த். கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும் மேல் படுக்கை, ஏணி போட்டு ஏற வேண்டும். பகலில் பார்த்தால் சுவரில் ஒரு பலகை மாதிரிதான் தெரியும். அதனால்தான் விளம்பரப் படத்தில் உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து இழுக்கும் ட்ரண்டில் சில கப்பல்களில் உண்டு, அதிகம் பார்க்க முடியாது.

"கேபின் எண் இன்னது, மூன்றாவது படுக்கை சோபாவா, மேல் பெர்த்தா? சோபா என்றால் ஒற்றையா இரட்டையா?" கப்பல் நிறுவனத்திடம் இதை எழுத்தில் கேளுங்கள். ஒரே வகை, ஒரே விலை கேபின்களிலேயே எண்ணுக்கு எண் மாறும்.

செங்காங்_சேது | செவ்வாய், இரவு 9.58

3 நைட்டுக்கு இவ்வளவு யோசனையா லா. சோபால சுருண்டு படுத்துக்கலாம்.

கடல்மணி | செவ்வாய், இரவு 10.05

நீங்கள் சுருளலாம் சேது. ராத்திரி இரண்டு தடவை எழும் 66 வயது அம்மா இருக்கும் கேபினில் எது எங்கே கிடக்கிறது என்பது முக்கியம்.

புக்கிட்பாத்தோக்_மாலா | செவ்வாய், இரவு 10.31

பறவை, கடல்மணி அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெக் பிளானில் (கப்பலின் ஒவ்வொரு தளத்து வரைபடம்) கேபின் எண்ணுக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டிக் குறிகள் இருக்கும்: முக்கோணம், நட்சத்திரம், சிலுவை, வட்டம். அவைதான் படுக்கை வகையைச் சொல்கின்றன. ஒரு நிறுவனத்தின் முக்கோணமும் இன்னொரு நிறுவனத்தின் முக்கோணமும் ஒன்றல்ல. அதே பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் விளக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். கப்பலைப் புதுப்பித்திருந்தால் பழைய டெக் பிளான் பொய் சொல்லும். நீங்கள் போகும் மாதத்துக்கு உரியதைத் திறங்கள்.

இன்னொன்று. தேடும்போதே ஆள் எண்ணிக்கை 3 என்று போட்டுத் தேட வேண்டும். "இப்போது 2 பேருக்கு எடுப்போம், அத்தை முடிவு சொன்னதும் சேர்த்துக்கொள்வோம்" என்று எடுத்தால் இரண்டு பேர் கேபினாகவே மாட்டும். மூன்று பேர் கேபினாகவே கிடைத்தாலும் பிறகு சேர்க்க முடியாமல் போகலாம்.

செங்காங்_சேது | செவ்வாய், இரவு 10.36

மூணாவது பெட் அங்கயே சும்மா இருக்கும்போது ஏன் முடியாது?

புக்கிட்பாத்தோக்_மாலா | செவ்வாய், இரவு 10.52

உயிர்காப்புப் படகுக் கணக்கு. ஒவ்வொரு கேபினும் ஏதாவது ஒரு ஒன்றுகூடும் இடத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த இடத்துப் படகுகளில் இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. அந்தப் பகுதியில் 3 பேர், 4 பேர் குடும்பங்கள் நிறையப் பதிந்துவிட்டால், மிச்சக் கேபின்களின் மூன்றாவது, நான்காவது இடத்தைக் கணினி மூடிவிடும். கட்டில் காலியாக இருக்கும், படகில் இடம் இருக்காது. பள்ளி விடுமுறை வாரங்களில் இது சீக்கிரம் நடக்கும். விடுமுறை முடிந்த வாரம் என்கிறீர்கள், கொஞ்சம் மூச்சு விடலாம்.

"கேரண்டி" என்று, எண்ணைப் பிறகு நிறுவனமே ஒதுக்கும் விதத்தில், மலிவாக வரும் கேபினையும் எடுக்காதீர்கள். மூன்று பேருக்கு இடம் நிச்சயம் கொடுப்பார்கள். எந்த வகைப் படுக்கை என்பது அவர்கள் கையில்.

தேக்கா_கணக்கர் | புதன், காலை 7.20

எல்லோரும் படுக்கையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் காசைப் பற்றிப் பேசுகிறேன்.

கப்பல் கட்டணம் ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்ற அடிப்படையில் போடுவது. முதல் இருவருக்கு முழு விலை, மூன்றாமவருக்குக் குறைந்த விலை. வரி, துறைமுகக் கட்டணம், கிராச்சுட்டி (ஊழியர்களுக்கான அன்பளிப்புக் கட்டணம்) மூன்றும் தலைக்கு இவ்வளவு, அதில் மூன்றாமவருக்குச் சலுகை கிடையாது. தனி ஆள் ஒரு கேபின் எடுத்தால் பெரும்பாலும் இரண்டு ஆள் கட்டணம் வாங்குவார்கள். ஆனால் வரியும் கிராச்சுட்டியும் ஒரு ஆளுக்குத்தான்.

கணக்குக்காக வெறும் எண்கள் (எந்தக் கப்பலின் விலையும் இல்லை): பால்கனி ஆளுக்கு 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மூன்றாமவர் 350, வரி வகையறா தலைக்கு 120, கிராச்சுட்டி ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 20.

ஒரே பால்கனியில் மூவர்: 600 + 600 + 350 = 1,550. வரி 360, கிராச்சுட்டி 180. மொத்தம் 2,090.
இரண்டு பால்கனி (2 பேர் + 1 ஆள்): 2,400 + 540 = 2,940.
இரண்டு உள் கேபின் (ஜன்னல் இல்லாதது), கட்டணம் ஆளுக்கு 420 என்றால்: 1,680 + 540 = 2,220.

கடைசி வரியைப் பாருங்கள். பால்கனியை விட்டுக்கொடுத்தால் 130 வெள்ளி கூடுதலில் இரண்டு கேபின், முக்கியமாக இரண்டு பாத்ரூம். மூன்று பெண்கள், ஒரு பாத்ரூம், காலை 8 மணிக்குத் துறைமுகத்தில் இறங்க வேண்டும் என்றால் அந்த 130 பெரிய காசு இல்லை. உங்கள் தேதிக்கு உண்மையான விலையைப் போட்டு இதே மூன்று வரிகளை எழுதிப் பாருங்கள். சில வாரங்களில் மூன்றாமவர் இலவசம் என்று சலுகை வரும், அப்போது கணக்கு தலைகீழாகும். அப்போதும் வரியும் கிராச்சுட்டியும் உண்டு.

பூன்லே_பறவை | புதன், காலை 8.05

கணக்கர் சார், இரண்டு கேபின் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அம்மாவுக்குக் கடல் பார்க்க வேண்டும். அதோடு யார் தனியாகப் படுப்பது என்ற சண்டை வேறு வரும்.

கடல்மணி | புதன், மதியம் 12.44

இரண்டு கேபின் என்றால் அடுத்தடுத்த எண்ணாகக் கேளுங்கள், எதிரெதிராக இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் கதவு வைத்த கனெக்டிங் கேபின் கிடைத்தால் வசதிதான். ஆனால் அந்தக் கதவு வழியாக அடுத்த கேபின் டிவி சத்தம் தெளிவாகக் கேட்கும். பக்கத்தில் உங்கள் ஆட்கள்தான் என்றால் மட்டும் எடுங்கள்.

கடல் பார்க்க வேண்டும் என்றால் ஒரே பால்கனிதான். சரி, அதில் யாருக்கு எது என்று பார்ப்போம். வயசு மரியாதை பார்த்துப் பிரிக்காதீர்கள். ராத்திரி யார் எழுவார், யாருக்குப் பிளக் வேண்டும், இந்த இரண்டைப் பார்த்துப் பிரியுங்கள்.

அம்மா: பாத்ரூமுக்குக் கிட்டத்தில் இருக்கும் கீழ்க் கட்டில். அத்தை: சாக்கெட்டுக்குக் கிட்டத்தில் இருக்கும் கட்டில். மிஞ்சியது உங்களுக்கு. கட்டில்கள் பிரித்தே இருக்கட்டும்.

பால்கனி கேபின் இரண்டு விதமாக அமையும். ஒன்றில் கட்டில் பால்கனிப் பக்கம், சோபா பாத்ரூம் பக்கம். அடுத்த எண்ணில் அப்படியே மாறியிருக்கும். உங்களுக்கு வேண்டியது கட்டில் பாத்ரூம் பக்கம் இருக்கும் எண். இல்லாவிட்டால் அம்மா ராத்திரி எழும்போதெல்லாம் உங்கள் விரித்த சோபாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். டெக் பிளானைப் பெரிதாக்கினால் சில நிறுவனங்களின் படத்தில் குட்டிக் கட்டில் தெரியும். தெரியாவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள்.

ஈசூன்_இரவுப்பறவை | புதன், மதியம் 1.15

சோபாவா புல்மேனா என்றால் பெரியவர்களுக்கு நான் புல்மேன் பக்கம். சோபா பெட்டில் கம்பி, சரிவு, மெல்லிசு மெத்தை எல்லாம் இருக்கிறது. மேல் பெர்த்தில் ஒரே துண்டான சமமான மெத்தை. யாரும் உங்கள் காலை மிதித்துக்கொண்டு போக மாட்டார்கள், பகலில் சோபாவும் காலியாக இருக்கும். 50 வயதுக்குக் கீழே, ஏணி ஏற முடிந்தவர் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கடல்மணி | புதன், மதியம் 1.52

மெத்தை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டவை இருக்கின்றன.

உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சந்தலைவரை ஒரு பெரியவருக்கு 80 முதல் 90 சென்டிமீட்டர் வேண்டும். மேல் பெர்த்துக்கும் கூரைக்கும் நடுவே அவ்வளவு கிடைப்பது அரிது. எழுந்து உட்கார முடியாது, உருண்டு இறங்கத்தான் வேண்டும். ஏசி காற்று கூரையிலிருந்துதான் வருகிறது, பல கேபின்களில் நேரே முகத்தில் அடிக்கும். துவாரம் எந்தப் பக்கம் என்று பார்த்து, கால் அந்தப் பக்கம் வருகிற மாதிரி தலையணையை மாற்றிப் போட வேண்டும். காற்று பிடிக்கவில்லை என்று துண்டை வைத்துத் துவாரத்தை அடைத்தால் கீழே இருப்பவர்களுக்கு வெந்துவிடும். தீயணைப்புத் தெளிப்பான் தலையில் ஹேங்கர் மாட்டுவதும் அங்கேதான் நடக்கும். தயவுசெய்து வேண்டாம், உடைந்தால் கேபின் குளமாகிவிடும்.

இன்னும் பெரியது: புல்மேன் இறங்கினால் சில கப்பல்களில் கீழ்க் கட்டில்களை ஒட்டிப் போட முடியாது, ஏணி நிற்க நடுவில் இடம் வேண்டும். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை என்று போகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். பறவைக்குப் பிரச்சினை இல்லை, பிரித்துத்தான் போடப் போகிறார். ஆனால் கீழே படுப்பவர் எழும்போது தலை மேல் பெர்த்தில் இடிக்கும். முட்டி வலிக்காரர் கையை ஊன்றி முன்னால் குனிந்து எழுவார், இடி நிச்சயம். மேல் பெர்த் அத்தை கட்டிலுக்கு மேலே வரட்டும், அம்மாவுக்கு மேலே வேண்டாம்.

ஈசூன்_இரவுப்பறவை | புதன், மதியம் 2.10

கடைசிப் பாயிண்ட் சரி. ஏணியைப் பற்றி நானும் எழுதுகிறேன்.

மேல் பெர்த்தை நாமே திறக்கக் கூடாது. அதற்கென்று பூட்டும் சாவியும் உண்டு, கேபின் ஸ்டூவர்ட் (கேபினைக் கவனிக்கும் ஊழியர்) திறந்து விரிப்பு போட்டுவிட்டுப் போவார். ஏணி அலமாரிக்குள்ளோ கட்டிலுக்கடியிலோ கிடக்கும். ஏறுமுன் மேலே இருக்கும் இரண்டு கொக்கியும் பெர்த்தின் விளிம்பில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் கீழே இழுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மாட்டியிருந்தால் பார்வைக்குச் சரியாகத் தெரியும், இறங்கும்போது திரும்பிவிடும். ஏணியின் காலில் ரப்பர் இருக்க வேண்டும்.

இறங்கும்போது முகம் ஏணிப் பக்கம், முதுகு அறைப் பக்கம். சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால். படிகள் குழாய் மாதிரி மெல்லிசாக இருக்கும், உள்ளங்கால் வலிக்கும். அதற்காகத் துண்டைச் சுற்றினால் வழுக்கும். எடை வரம்பு கப்பலுக்குக் கப்பல் வேறு. அதையும் அந்த எழுத்துக் கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள்.

மேலே போன் வைக்கத் தட்டு இருக்காது, சாக்கெட் இருக்காது. தடுப்புக் கம்பியில் ஒரு துணிப் பையை மாட்டி, உள்ளே போன், கண்ணாடி, பவர் பேங்க், தண்ணீர் பாட்டில். கீழேயிருந்து நீள வயரைத் தொங்கவிட்டால் இருட்டில் யார் காலிலாவது மாட்டும்.

"புல்மேன்" என்பது 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ரயில் படுக்கைப் பெட்டி கட்டிய ஜார்ஜ் புல்மேனின் பெயர். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலாயன் ரயில் ஓடிய 2011 ஜூன் வரை சிங்கப்பூர்க்காரர்களுக்கு மேல் பெர்த் நல்ல பழக்கம். நம் ஊர் விரைவு ரயிலில் அப்பர் பெர்த் ஏறியவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

செங்காங்_சேது | புதன், மதியம் 2.14

ரயில்ல சைடு அப்பர் படுத்தவனுக்கு உலகத்துல எந்த பெட்டும் ஓகே.

சிராங்கூன்_செவிலி | புதன், மாலை 6.30

சீபேப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன், இதில் தவறினால் அத்தைக்கு மட்டுமல்ல, மூன்று பேருக்கும் தூக்கம் போகும்.

முதலில் மெஷினின் அடாப்டர் கட்டியைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். "100-240 V" என்று இருந்தால் வோல்டேஜ் கவலை இல்லை. பிரச்சினை பிளக் வடிவம்தான். கேபின்களில் பொதுவாக அமெரிக்கத் தட்டை இரட்டை முள் 110 வோல்ட்டும், ஐரோப்பிய உருண்டை இரட்டை முள் 220 வோல்ட்டும் இருக்கும். நம் மூன்று முள் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஐரோப்பிய சாக்கெட் வட்டக் குழிக்குள் இருப்பதால் சதுரமான யுனிவர்சல் அடாப்டர் உள்ளே போகாது, அல்லது பாதி போய்த் தொங்கும். சின்ன உருண்டை அடாப்டராக வாங்குங்கள். முஸ்தஃபா கடையில் கிடைக்கும்.

எக்ஸ்டென்ஷன் வயர் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம். சர்ஜ் காப்பு (திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து பாதுகாப்பு) உள்ள மல்டி பிளக்கை முனையத்தின் எக்ஸ்ரேயிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். கப்பலின் மின் அமைப்பில் வீட்டைப் போல ஒரு கம்பி பூமியோடு இணைந்திருக்காது. சர்ஜ் காப்புக்குள் இருக்கும் பாகம் அங்கே சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. அதற்குப் பதிலாக, முன்பதிவு செய்ததுமே சிறப்புத் தேவைப் படிவத்தில் "சீபேப்: எக்ஸ்டென்ஷன் வயர், டிஸ்டில்டு வாட்டர்" என்று எழுதிவிடுங்கள். பல நிறுவனங்கள் இரண்டும் தருகின்றன. முன்கூட்டிச் சொல்ல வேண்டும், ஏறிய அன்று கேட்டால் கையை விரிப்பார்கள்.

மெஷின் தலைமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டிலோரச் சின்ன மேசை போதும். உயரே வைத்தால் குழாயில் தேங்கும் தண்ணீர் முகமூடிக்குள் வரும். காலையில் தண்ணீர்த் தொட்டியைக் கொட்டிவிட்டு நகர்த்துங்கள். சோபா பெட்டுக்கும் மேல் பெர்த்துக்கும் அருகில் சாக்கெட் அரிது. அதனால்தான் அத்தைக்குக் கீழ்க் கட்டில்.

கதவருகே கீ கார்டு செருகினால்தான் விளக்கு எரியும் கப்பல்கள் உண்டு. கார்டை எடுத்தால் அத்தையின் சாக்கெட்டும் அணைகிறதா என்று பகலிலேயே சோதித்துப் பாருங்கள். அணைந்தால், ஒரு கார்டு இரவு முழுதும் அங்கேயே இருக்கட்டும்.

பூன்லே_பறவை | வியாழன், இரவு 8.47

கப்பல் நிறுவனத்திடமிருந்து பதில் வந்துவிட்டது. நான் பார்த்த எண்ணில் மூன்றாவது படுக்கை ஒற்றை சோபா பெட். சோபா பால்கனிப் பக்கம், கட்டில்கள் பாத்ரூம் பக்கம். அதையே எடுக்கப் போகிறேன். அம்மாவின் இரவு நடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். அதோடு அத்தை மெஷின் போட்டால் சத்தம் இல்லை. குறட்டை அம்மாதான்.

புக்கிட்பாத்தோக்_மாலா | வியாழன், இரவு 9.20

நல்ல எண் கிடைத்திருக்கிறது.

இரவு நடைக்கு முதல் எதிரி பாத்ரூம் வாசல்படி. தண்ணீர் வெளியே வராமல் இருக்கப் பல கப்பல்களில் உயரமாக வைத்திருப்பார்கள், நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு பாத்ரூம் படியைவிட உயரமாகவே இருக்கும். கால் விரல் நேரே அதில்தான் இடிக்கும். முதல் நாள் வெளிச்சத்திலேயே அம்மாவை நாலு தடவை தாண்டச் சொல்லுங்கள். கப்பல் ஆடும்போது கதவு நிலையைப் பிடிக்கக் கூடாது, கதவு அடித்தால் விரல் நசுங்கும். உள்ளே இருக்கும் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது இருட்டு. திரைச்சீலை மூடினால் கேபின் குகைதான். பாத்ரூம் விளக்கைப் போட்டு வைத்தால் மூவருக்கும் தூக்கம் போகும். ஆள் அசைந்தால் எரியும் பேட்டரி விளக்கு ஒன்றை முட்டிக்குக் கீழ் உயரத்தில் ஒட்டுங்கள். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, அதனால் காந்தம் வைத்த விளக்கே போதும். டைசோ கடையில் காந்தக் கொக்கி கிடைக்கும். ஒரு ஆறு வாங்கிப் போங்கள். மூன்று பேர் துண்டு, கைப்பை, முகமூடி எல்லாம் தரையிலிருந்து மேலே ஏறிவிடும். கேபினின் அலமாரி இரண்டு பேருக்காகச் செய்தது, அதை மறக்க வேண்டாம்.

விளக்கு இல்லையென்றால் ஒரு உபாயம்: டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடும் சேனலை வைத்து, சத்தத்தை முழுசாகக் குறையுங்கள். ராத்திரி கடல் கறுப்பு, அறைக்குப் போதுமான மங்கல் வெளிச்சம். விடிந்தால் திரையும் வெளுக்கும்.

பெட்டிகள் கட்டிலுக்கடியில். முதலில் ஸ்டூவர்ட் கட்டில்களைப் பிரிக்கட்டும், பிறகு தள்ளுங்கள். முன்னாலேயே தள்ளிவிட்டால் அவர் எல்லாவற்றையும் மறுபடி இழுக்க வேண்டியிருக்கும். மூன்று பெரிய பெட்டி வேண்டாம். ஒரு பெரியது, இரண்டு மடிக்கும் துணிப்பை போதும், 3 இரவுதானே.

ஈசூன்_இரவுப்பறவை | வியாழன், இரவு 9.41

குறட்டைக்கு ஸ்பாஞ்ச் காதடைப்பான். பாதிப் பேர் சும்மா காது வாசலில் சொருகிவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள். விரலால் உருட்டி ஊசி மாதிரி மெல்லிசாக்குங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விடுங்கள். உப்பும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காதீர்கள். சரியாகப் போயிருந்தால் கண்ணாடியில் நேரே பார்த்தால் வெளியே தெரியாது.

அபாய ஒலி கேட்காதோ என்ற பயம் வேண்டாம். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீள ஒலி, அது காதடைப்பானையும் மீறி எழுப்பும். ஆனாலும் மூன்று பேரும் ஒரே இரவில் அடைத்துக்கொள்ளாதீர்கள்.

கடல்மணி | வெள்ளி, காலை 6.55

ஒற்றை சோபா நல்லதுதான். ஏறும் அன்று செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மதியம் கேபின் திறந்ததும் ஸ்டூவர்ட்டைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டாம், அவர் ஒருவருக்குப் பல கேபின்கள். கட்டிலைப் பிரிக்க வேண்டும், சோபாவை விரிக்க வேண்டும், மூன்று தனித்தனிப் போர்வை வேண்டும், சோபாவுக்கு மேலே போட டாப்பர் வேண்டும். அலை அலையான ஸ்பாஞ்சு அது, கப்பலில் எண்ணி வைத்திருப்பார்கள், முதல் நாள் கேட்டவர்களுக்குக் கிடைக்கும். இல்லையென்றால் கூடுதலாக இரண்டு போர்வை வாங்கி நீளவாக்கில் மடித்து விரிப்புக்கடியில் போடச் சொல்லுங்கள்.

வழக்கமாகக் காலையில் சோபாவை மடித்துவிட்டு ராத்திரி மறுபடி விரிப்பார்கள். மதியம் படுப்பீர்கள் என்றால் "மூன்று நாளும் விரித்தே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் போய் வந்தால் படுக்கை தயாராக இல்லை என்ற புலம்பலில் பாதி, இதைச் சொல்லாததால் வருவது.

அவர் நிற்கும்போதே விரித்த சோபாவில் படுத்துப் பாருங்கள். தலைமாடு பால்கனிக் கண்ணாடிப் பக்கம் வந்தால் மாற்றுங்கள், விடிகாலை வெளிச்சம் கண்ணில் அடிக்கும். உயிர்காப்பு அங்கிகள் கேபினில் வைக்கும் கப்பல் என்றால் மூன்று இருக்கிறதா எண்ணுங்கள். ஒன்றுகூடும் பயிற்சி கப்பல் கிளம்புமுன் நடக்கும். மூன்று பேரும் போக வேண்டும், முட்டி வலி என்று அம்மாவை விட்டுவிட்டுப் போக முடியாது. நாற்காலி கேட்டால் தருவார்கள்.

ராத்திரி பால்கனிக் கதவைப் பூட்டியே வையுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர்வரை மலாக்கா நீரிணையில் விடியுமுன் சுமத்ரா புயற்காற்று திடீரென்று வரும், சோபாவில் படுப்பவர்தான் முதலில் நனைவார். கதவு திறந்திருந்தால் ஏசி தானாக நின்றுவிடும் கப்பல்களும் உண்டு.

தேக்கா_கணக்கர் | வெள்ளி, காலை 7.30

ஒரு கேபின் என்றால் மூவர் செலவும் ஒரே கணக்கில் விழும். ஏறுமுன் ஆப்பிலோ கவுண்டரிலோ ஒவ்வொரு கீ கார்டையும் அவரவர் வங்கி அட்டையோடு இணைக்கச் சொல்லுங்கள். அத்தை ஊரிலிருந்து வந்தவர் என்றால் அவர் விசா பலமுறை நுழைவு விசாவா என்று பாருங்கள். கப்பல் கிளம்பினாலே சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு.

பூன்லே_பறவை | வெள்ளி, இரவு 10.02

அத்தை இங்கே நிரந்தரவாசி, பிரச்சினை இல்லை. பதிந்தாயிற்று. படிவத்தில் எக்ஸ்டென்ஷன் வயரும் டிஸ்டில்டு வாட்டரும் எழுதிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: சோபாவுக்கு முன்னால் ஒரு காபி மேசை இருக்கிறதே, விரித்தால் அது எங்கே போகும்?

கடல்மணி | வெள்ளி, இரவு 10.19

அதை வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள், ஸ்டூவர்ட் கொண்டுபோய் வைத்துவிடுவார். கேட்காவிட்டால் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் தள்ளிவிடுவார்கள். அம்மா நடக்கும் வழி அதுதான்.